ரெஃபரல் இல்லாத மாணவருக்கு இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் நீங்கள் என்ன செய்யலாம்?

"அண்ணா, உங்க கம்பெனில சம்மர் இன்டர்ன்ஷிப் ஏதாவது இருக்கா? ஒரு ரெஃபரல் போட முடியுமா?"

ஹைடெக் சிட்டி பக்கமோ கச்சிபௌலி பக்கமோ இரண்டு மூன்று வருடமாக வேலை பார்க்கிறவர் என்றால், இப்படி ஒரு மெசேஜ் உங்களுக்கு வந்திருக்கும். மதுரையில் படிக்கிற மாமா பையன் அனுப்பியிருக்கலாம். லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாத ஒரு தெலுங்கு மாணவரும் அனுப்பியிருக்கலாம். தெலுங்கிலும் 'அன்னா'தான்.

மாமா பையனுக்கு உடனே பதில் போடுகிறோம். தெரியாத மாணவரிடம் "எந்த காலேஜ்?" என்று கேட்கிறோம், இல்லையென்றால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். தனித்தனியாகப் பார்த்தால் இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நகரம் முழுக்க இப்படியே நடந்தால் என்ன ஆகும்? ஐ.டி. துறையில் உறவுக்காரர் யாரும் இல்லாத மாணவர், தன் திறமையைக் காட்டும் இடத்துக்கே வந்து சேர மாட்டார்.

இன்டர்ன்ஷிப் ஆட்களை நியாயமாகத் தேர்ந்தெடுக்க என்ன வழி? அரசுத் திட்டங்கள் எவ்வளவு தூரம் உதவுகின்றன? மேனேஜர் பதவியில் இல்லாத நீங்கள் உங்கள் டீமில் எதை மாற்ற முடியும்? பார்க்கலாம்.

இன்டர்ன்ஷிப் ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது?

பல நிறுவனங்கள் புதியவர்களை வேலைக்கு எடுப்பதில் பாதி வேலையை இன்டர்ன்ஷிப்பிலேயே முடித்துவிடுகின்றன. நன்றாக வேலை செய்த இன்டர்னுக்கு, படிப்பு முடியும் முன்பே பி.பி.ஓ. எனப்படும் வேலை உத்தரவாதம் கிடைக்கிறது. வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் புதியவரிடமும் "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி வருகிறது. ஆக, முதல் வேலைக்கான போட்டி உண்மையில் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது.

படிப்பும் இதைக் கேட்கிறது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில், பி.டெக். மாணவர்களுக்கு 600 முதல் 700 மணி நேர இன்டர்ன்ஷிப் சேர்க்கப்பட்டது. ஆந்திரப் பிரதேசம் தன் பட்டப்படிப்புச் சீர்திருத்தத்தில் 10 மாத இன்டர்ன்ஷிப்பைக் கொண்டுவந்தது. அந்த மாநில மாணவர்களில் பலர் வாய்ப்பு தேடி வருவதும் ஹைதராபாத்துக்குத்தான்.

சிக்கல் இங்கேதான். இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று சொல்லியாகிவிட்டது. எல்லாருக்கும் போதுமான உண்மையான இடங்கள் இல்லை. அந்த இடைவெளியில் ஒரு சந்தை முளைக்கிறது. அமீர்பேட்டில் மெட்ரோவை விட்டு இறங்கினாலே பயிற்சி நிலையங்களின் பலகைகள் வரிசையாகத் தெரியும். அங்கே நேர்மையாகச் சொல்லித்தருபவர்கள் ஏராளம். ஆனால் "பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட்" என்று விற்பவர்களும் ஊருக்குள் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்குக் காசு கட்டுவது பெரும்பாலும் யாரையும் தெரியாத மாணவர்தான்.

வாய்ப்பு யார் கைக்குப் போகிறது?

ஒரு சாதாரண இன்டர்ன் தேர்வில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் "டீம்ல யாருக்காவது தெரிஞ்ச பசங்க இருக்காங்களா?" என்ற கேள்வி. பத்து ரெஸ்யூமே வந்ததும் பொது அறிவிப்பு தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

அடுத்து காலேஜ் பெயர். ஐ.ஐ.டி., ட்ரிபிள் ஐ.டி., பிட்ஸ் என்றால் உடனே அழைப்பு. கட்கேசரிலோ இப்ராஹிம்பட்டினத்திலோ உள்ள கல்லூரி என்றால் ரெஸ்யூமே கீழே போகிறது. பிட்ஸ் பிலானியின் ஹைதராபாத் வளாகத்தில் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்ற பெயரில் தொழில்துறைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனம் தேடித் தருவதில் கல்லூரியே முன்நிற்கிறது. பெரும்பாலான கல்லூரிகளில் அந்த வசதி கிடையாது. அங்கே மாணவர் தானேதான் தேட வேண்டும்.

மூன்றாவது சி.ஜி.பி.ஏ. "8-க்கு மேல் மட்டும்" என்று ஒரு கோடு போட்டுவிடுகிறோம். ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் 8-ம் இன்னொரு பல்கலைக்கழகத்தின் 8-ம் ஒரே அளவுகோல் இல்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளத்தான் அந்தக் கோடு.

கடைசியாகப் பணம். மாதாப்பூர், கோண்டாப்பூர் பக்கம் மூன்று பேர் தங்கும் ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டில், சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் ஊதியமில்லாத இரண்டு மாத இன்டர்ன்ஷிப்புக்கு என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும். நல்கொண்டாவிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வரும் விவசாயக் குடும்பத்துப் பெண் அந்த வாய்ப்பை எப்படி ஏற்பார்? "ஸ்டைபண்ட் இல்லை" என்ற ஒரு வரியே தேர்வை நடத்தி முடித்துவிடுகிறது.

பாகுபாடு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்வெல்லும் செய்த ஆய்வு 2007-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழில் வெளியானது. தனியார் வேலை விளம்பரங்கள் 548-க்கு, 4,808 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. மேல் சாதி இந்துப் பெயருடன் ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

அதே காலத்தில் சுரிந்தர் ஜோட்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். "நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம்" என்று சொன்னவர்களே, நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கேட்பதை முக்கியமாகக் கருதினார்கள். "அப்பா என்ன பண்றார்?" நாமும் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் டெல்லி சுற்றுவட்டாரத்தில் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மென்பொருள் வேலைகளுக்கு சாதிப் பெயரால் அழைப்பு குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கால் சென்டர் வேலைகளில், குறிப்பாக ஓ.பி.சி. பெயர்களுக்கு, வித்தியாசம் தெரிந்தது.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தெளிவாக இருக்கும் இடத்தில் பெயரின் பலம் குறையலாம். "ஆள் எப்படி, நம்ம டீமுக்கு செட் ஆவாரா" என்ற பொதுவான எண்ணம் முடிவெடுக்கும் இடத்தில் பழைய பழக்கங்கள் நுழைந்துவிடுகின்றன.

அரசுத் திட்டங்கள் போதாதா?

உதவும். ஆனால் ஒவ்வொன்றும் யாருக்கானது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம்: 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 500 பெரிய நிறுவனங்களில் 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்களுக்கு வாய்ப்பு என்பது இலக்கு. முன்னோட்டக் கட்டத்தில் மாதம் 5,000 ரூபாய், ஒருமுறை உதவியாக 6,000 ரூபாய், 12 மாதக் காலம் என்று வைக்கப்பட்டது. வயது வரம்பு 21 முதல் 24 வரை என்று இருந்தது. அந்த விதிப்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் விண்ணப்பிக்க முடியவில்லை. அதாவது, உங்களுக்கு மெசேஜ் அனுப்பிய மூன்றாம் ஆண்டு மாணவருக்கு இது பொருந்தவில்லை. விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடும் என்பதால் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் சுற்றில் நடந்தது ஒரு பாடம். சுமார் 1.27 லட்சம் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 82,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போயின. ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000 பேர். சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர்தான். இடம் தூரமாக இருந்தது, காலம் நீளமாக இருந்தது, வேலை விருப்பத்துக்கு ஒத்துவரவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். வாய்ப்பைத் திறந்துவைப்பது மட்டும் போதாது, அங்கே போய்த் தங்கி வேலை செய்யவும் முடிய வேண்டும்.

அப்ரண்டிஸ்ஷிப்: இது வேறு. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருவதால் உதவித்தொகை சட்டப்படி உறுதி. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளில் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள், பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும். படிப்பை முடித்த தம்பி தங்கைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளம் இருக்கிறது. தெலங்கானாவில் கல்லூரிகளையும் நிறுவனங்களையும் இணைக்க, மாநில அரசின் 'டாஸ்க்' என்ற திறன் அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது.

இவை எல்லாம் மாணவரை வாசல் வரை கொண்டுவரும். உள்ளே யாரை எடுப்பது என்பதை முடிவு செய்வது நிறுவனத்தில் இருக்கும் ஒரு சின்ன டீம். பல நேரம் அந்த டீமில் இருப்பவர் நீங்கள்தான்.

அப்போ நியாயமாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐந்து பேர் கொண்ட டீம், இரண்டு இன்டர்ன் தேவை என்று வைத்துக்கொள்வோம். பெரிய பட்ஜெட் தேவையில்லை.

1. முதலில் வேலையை எழுதுங்கள். இந்த இன்டர்ன் இரண்டு மாதத்தில் என்ன செய்து முடிப்பார்? அதற்குத் தேவையான மூன்று திறன்கள் எவை? "பைத்தானில் ஒரு கோப்பைப் படித்துச் சுத்தம் செய்யத் தெரிய வேண்டும்" என்பது திறன். "டைனமிக் பர்சனாலிட்டி" என்பது திறன் இல்லை.

2. அறிவிப்பைப் பொதுவில் போடுங்கள். ஸ்டைபண்ட் எவ்வளவு, எந்த இடம், எத்தனை மணி நேரம், வீட்டிலிருந்து செய்யலாமா, கடைசித் தேதி எது என்பவை அதிலேயே இருக்கட்டும். வழக்கமாகப் போகும் இரண்டு கல்லூரிகளுடன், இதுவரை போகாத எட்டுக் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அலுவலருக்கும் அனுப்புங்கள்.

3. ரெஃபரல் வந்தால் வரட்டும். மாமா பையனும் அதே தளத்தில் விண்ணப்பித்து, அதே தேர்வை எழுதட்டும். அவருக்கு மதிப்பெண் போடும் வேலையிலிருந்து நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். "மாமா கோவிச்சுக்குவாரே" என்று தயங்கினால், "எங்க கம்பெனி ரூல் இது" என்று சொல்லிக்கொள்ளலாம். பொய்யும் இல்லை.

4. எல்லாருக்கும் ஒரே வேலை மாதிரி கொடுங்கள். 60 முதல் 90 நிமிடத்தில் முடியக்கூடிய, உண்மையான வேலையைப் போன்ற ஒரு சின்னப் பணி. கிளையண்ட் வேலையை 'அசைன்மென்ட்' என்ற பெயரில் இலவசமாக வாங்கிக்கொள்வது சுரண்டல். அதைச் செய்யாதீர்கள். ஞாயிறு உட்பட மூன்று நான்கு நாள் அவகாசம் கொடுங்கள். எல்லார் வீட்டிலும் லேப்டாப்பும் நல்ல நெட்டும் எப்போதும் இருப்பதில்லை.

5. பெயரும் கல்லூரியும் தெரியாமல் திருத்துங்கள். விண்ணப்ப எண் மட்டும் போதும். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, பிறகு ஒப்பிடுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் திருத்தும் முன்பே எழுதிவையுங்கள்.

6. நேர்காணலில் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஐந்து கேள்வி, முப்பது நிமிடம். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண். அப்பா வேலை, சொந்த ஊர், கல்யாணத் திட்டம் இதெல்லாம் வேண்டாம். சாட்ஜிபிடியை வைத்துச் செய்திருப்பாரோ என்ற சந்தேகம் வந்தால், செய்த பணியிலேயே ஒரு சின்ன மாற்றம் கேட்டு விளக்கச் சொல்லுங்கள். புரிந்து செய்தவர் யார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலம் தடுமாறினால் கொஞ்சம் பொறுங்கள். விஷயம் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

7. எடுக்காதவர்களுக்கும் பதில் அனுப்புங்கள். "எந்த இடத்தில் மதிப்பெண் குறைந்தது" என்ற ஒரு வரி போதும். அடுத்த விண்ணப்பத்துக்கு அது உதவும்.

8. முடிந்ததும் கணக்குப் பாருங்கள். விண்ணப்பித்தவர்கள், தேர்வு எழுதியவர்கள், சேர்ந்தவர்கள் என்று ஒவ்வொரு படியிலும் எத்தனை கல்லூரிகள், எத்தனை பெண்கள், எத்தனை ரெஃபரல்? ஒரே வகையினர் எந்தப் படியில் நிறைய உதிர்கிறார்களோ, அங்கேதான் கோளாறு.

பெயரை மறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. பிரான்ஸில் 2010-11-ல், பெயர் மறைத்த விண்ணப்பங்களை வைத்து அரசு வேலைவாய்ப்பு அமைப்பு ஒரு சோதனை நடத்தியது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நேர்காணல் அழைப்பு குறைந்தது. ரெஸ்யூமேயில் இருந்த இடைவெளிகளை, அந்த விண்ணப்பதாரரின் சூழலை வைத்துப் புரிந்துகொள்ள இடமில்லாமல் போனது இதற்கு ஒரு விளக்கம். நம் ஊரிலும் அப்படித்தான். பெயரை மறைத்துவிட்டு, "முன்பு எத்தனை இன்டர்ன்ஷிப் செய்திருக்கிறார்?" என்று எண்ணினால், ஏற்கெனவே வாய்ப்பு கிடைத்தவருக்கே மறுபடியும் வாய்ப்பு போகும். ரெஸ்யூமேயின் எடையைக் குறைத்து, செய்து காட்டிய வேலைக்கு எடை கூட்டுவதுதான் முக்கியம்.

ஏ.ஐ. வடிகட்டியிடம் விட்டுவிடலாமா? கவனம் தேவை. அமேசான் 2014 முதல் சோதித்துவந்த ஒரு தேர்வு மென்பொருள், பழைய ரெஸ்யூமேக்களிலிருந்து கற்றுக்கொண்டு, பெண்களைக் குறிக்கும் சொற்கள் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. அந்த முயற்சி கைவிடப்பட்டதை ராய்ட்டர்ஸ் 2018-ல் வெளிப்படுத்தியது. இயந்திரம் நம் பழைய பழக்கத்தைத்தான் வேகமாகச் செய்கிறது.

இப்படிச் செய்தால் தரம் குறையாதா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஆட்தேர்வு முறைகள் குறித்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்து, பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் வெளியிட்ட பகுப்பாய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பின்னாளில் யார் நன்றாக வேலை செய்வார் என்பதைக் கணிப்பதில், ஒரே கேள்விகளுடன் ஒழுங்காக நடத்தும் நேர்காணல் முன்வரிசையில் இருக்கிறது. வேலையைச் செய்து காட்டும் தேர்வும் நன்றாகவே கணிக்கிறது. மனம் போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணல் பின்தங்குகிறது. எத்தனை ஆண்டு அனுபவம் என்பது மிகக் குறைவாகவே சொல்கிறது.

ஆக, மேலே சொன்ன எட்டுப் படிகள் மாணவருக்காக மட்டும் இல்லை. நல்ல ஆள் கிடைக்க வேண்டும் என்று நினைக்கும் உங்கள் மேனேஜருக்கும் இதே வழிதான். அவரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். நேரம்தான் செலவு. முதல் முறை கேள்வித்தாளும் மதிப்பெண் முறையும் தயாரிக்க ஓரிரு நாள் ஆகும். அடுத்த வருடம் அதையே பயன்படுத்தலாம்.

மாணவரிடம் எதைச் சொல்ல வேண்டும்?

இன்டர்ன்ஷிப்புக்கு யாராவது பணம் கேட்டால் விலகச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வேலை கொடுப்பவர் காசு வாங்க மாட்டார். ஆன்லைனில் ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சேரும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: காலம், வேலை நேரம், ஸ்டைபண்ட், வழிகாட்டி யார், முடிவில் என்ன சான்றிதழ். அப்ரண்டிஸுக்கு இருப்பது போல இன்டர்னுக்கு என்று தனிச் சட்டம் இல்லாததால், கையில் இருக்கும் கடிதம்தான் பாதுகாப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக நிற்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். ஊதியம் இல்லாமல் வேலை செய்தாலும் பொருந்தும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் டீமுக்கு வரும் இன்டர்னிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

யாரையும் தெரியாதவர்களுக்கு ஓப்பன் சோர்ஸ் ஒரு நல்ல வாசல். 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில், திட்ட முன்மொழிவை வைத்துத்தான் தேர்வு. 'அவுட்ரீச்சி' திட்டம் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்காகவே நடத்தப்படுகிறது. மூன்று மாதம், உதவித்தொகையுடன். விண்ணப்பக் காலத்திலேயே ஒரு திட்டத்துக்குப் பங்களித்துக் காட்ட வேண்டும். காலேஜ் பெயரை விட அந்தப் பங்களிப்புதான் அங்கே பேசும்.

அந்த மெசேஜுக்கு என்ன பதில் போடுவது?

தெரிந்தவர், தெரியாதவர் இருவருக்கும் ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இப்படி:

"தம்பி, எங்க டீம்ல இந்த சீசன்ல இன்டர்ன் எடுத்தா லிங்க் அனுப்புறேன். எல்லாருக்கும் ஒரே டெஸ்ட்தான், அதனால ரெஃபரல் இல்லையேன்னு கவலைப்படாதே. அதுவரைக்கும் நீ செஞ்ச ஏதாவது ஒரு புராஜெக்ட் அனுப்பு, பார்த்துட்டு எங்க சரி பண்ணலாம்னு சொல்றேன். யாராவது பணம் கேட்டா கட்டாதே, முதல்ல எனக்கு ஒரு மெசேஜ் போடு."

இதை அனுப்ப ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் அந்த லிங்க் உண்மையிலேயே வர வேண்டும். அதற்கு, அடுத்த இன்டர்ன் சீசன் தொடங்கும் முன் உங்கள் டீம் மீட்டிங்கில் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "இந்த முறை பொதுவில் அறிவிச்சு, ஒரே டெஸ்ட் வச்சு எடுக்கலாமா?"